அவள் கையில் என்ன இருக்கிறது?

நான் வேலை பார்த்த ஒலி அமைப்புக் கொம்பனியின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற மாதம் ஒரு சின்னச் சண்டை. பாடுகிறவரின் குரலில் இருந்து மூச்சுச் சத்தத்தை ஒரே தட்டலில் துடைத்தெடுக்கும் புதிய மென்பொருள் ஒன்றின் காணொளியை யாரோ போட்டிருந்தார்கள். இப்போது வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். ஓய்வு பெற்றவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. மூச்சை எடுத்துவிட்டால் பிறகு அங்கே பாடுவது யார் என்று எழுதிவிட்டேன்.

நான் இருந்த கதிரையில் இப்போது இருக்கும் தாரணி உடனே கேட்டாள்: “அங்கிள், ஒரு மூச்சாலை ஷோ தப்பினதெண்டு எப்பவாவது நடந்திருக்கோ?”

“ஓம்” என்று போட்டேன். அவ்வளவுதான், குழு முழுவதும் என்னைப் பிடித்துக்கொண்டது. விளக்கம் வேண்டுமாம். என் விரல் அந்தச் சின்ன எழுத்துகளில் இரண்டு வரிக்கு மேல் நகராது. ஆகவே இதை ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன். நீண்டுபோனால் தாரணிதான் பொறுப்பு.

என் பெயர் மரியநாயகம். மன்னாரில் இருந்து லண்டனுக்கு வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த ஒலி வேலை, மாதா கோயில் திருநாளுக்கு மரத்தில் ஏறிப் புனல் ஒலிபெருக்கி கட்டுவது மட்டும்தான். இங்கே கட்ட மரமும் இல்லை, கட்டவிடுகிற கவுன்சிலும் இல்லை. சில காலம் பெற்றோல் நிலையத்தில் நின்றேன். பிறகு சவுத்தாலில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் வரதன் அண்ணையிடம் பெட்டி தூக்கப் போனேன். பெட்டி தூக்கி, வயர் சுற்றி, மைக் நட்டு, கடைசியில் எல்லா மைக்கின் சத்தத்தையும் அளந்து சேர்க்கிற மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்தேன். அதற்குள் தலையில் பாதி மயிர் போய்விட்டது.

பஞ்சாபிக் கல்யாணம், குஜராத்தி நடனம், எங்கள் ஆட்களின் சாமத்தியச் சடங்கு, அரங்கேற்றம், வங்காளிகளின் பூசை என்று வரதன் அண்ணை எதையும் விடமாட்டார். எனக்கு அவர் சொல்லித்தந்தவை பல. மறக்காமல் இருப்பது, நிகழ்ச்சி நடத்துகிற கமிட்டிக்காரரைப் பற்றிய ஒன்று. “மைக் இருக்கிற இடத்திலை கொமிற்றியும் இருக்கும் தம்பி. கொமிற்றியோடை மட்டும் வாய் குடுக்காதை.” என் வாழ்க்கையில் நான் மீறாத சட்டம் இது ஒன்றுதான். ஒருமுறை தவிர. அந்த ஒருமுறையைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முதல் சாருமதி தீதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீதி என்றால் வங்காளத்தில் அக்கா. கொல்கத்தாவின் சினிமாப் பாட்டுகளில் ஒரு தலைமுறை முழுவதற்கும் கதாநாயகிகளின் குரல் அவருடையது. திரையில் முகங்கள் மாறிக்கொண்டே இருந்தன, குரல் மாறவில்லை. சின்ன ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். பத்தொன்பது வயதில் முதல் பாட்டு. கணவர் இளவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட, சௌமிக் என்ற ஒரே மகனைப் பாடிப் பாடியே வளர்த்தவர். லண்டனுக்கு வந்தால் வங்காளிகள் பிள்ளைகுட்டியோடு மண்டபத்தை நிறைத்துவிடுவார்கள். ஆனால் அதே ஆட்கள் அவர் வாசலில் நின்றால் அடையாளம் தெரியாமல், கழிவறை எந்தப் பக்கம் என்று அவரையே கேட்பார்கள். என் கண்ணால் கண்டேன். அவரும் வழி காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்.

முதல் நாள் ஒலிச் சோதனை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். மரியநாயகம் என்ற பெயர் அவர் வாயில் அடங்கவில்லை. பின்பாதியை மட்டும் பிடித்து “நாயக்” என்று சுருக்கிவிட்டார். வங்காளத்தில் கதாநாயகனுக்கு அப்படித்தான் சொல்வார்களாம். என் முகத்தைப் பார்த்து அப்படிக் கூப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான். கூப்பிட்டு, இன்றைக்குக் கதாநாயகி எங்கே உட்காரப்போகிறாள் என்று கேட்டார். யாரோ நடிகை சிறப்பு விருந்தினராக வருகிறாளாக்கும், எனக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை என்று பயந்து வரதன் அண்ணையிடம் ஓடினேன். அவர் கொமிற்றியிடம் ஓடினார். கொமிற்றியும் பயந்துபோனது.

தீதி எல்லோரையும் இருத்தி வைத்து விளக்கினார். அவர் பாடிய முதல் பாட்டைப் பதிவு செய்தபோது, திரையில் யார் பாடுவாள், அந்த நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று இசையமைப்பாளரைக் கேட்டாராம். உனக்கேன் அது, சுரத்தைப் பாடு என்றாராம் அவர். தீதியும் நிலா வெளிச்சத்தில் வயல்வெளியில் நின்று பாடுகிறவள் மாதிரி நெஞ்சு நிறையப் பாடிக் கொடுத்துவிட்டார். படம் வந்ததும் முதல் காட்சிக்கே போய் உட்கார்ந்தார். திரையில் கதாநாயகி ஓர் இருட்டு அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். கையில் கரி. வாயில் நிலா வெளிச்சம். தீதிக்கு வெட்கத்தில் கதிரைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்ததாம்.

அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்காமல் அவர் ஒரு பாட்டும் பாடியதில்லை. அவள் கையில் என்ன இருக்கிறது? குடமா, விளக்கா, குழந்தையா, ஒன்றுமில்லையா? அது தெரிந்தால் போதும், குரல் தானாகப் போய் அந்த உடம்பில் உட்கார்ந்துவிடும் என்றார். மேடையில் திரை இல்லை, கதாநாயகியும் இல்லை. ஆகவே கூட்டத்தில் ஒரு பெண்ணைத் தெரிந்தெடுத்து, மேடை வெளிச்சம் விழுகிற இரண்டாம் வரிசையில் இருத்திவைத்து, அவளுக்காகவே பாடுவார். அந்தப் பெண்ணுக்கு அது தெரியக்கூடாது. கதவு திறக்கும்போது தீதி ஒப்பனை அறையில் இருப்பார். மண்டபத்துக்குள் நிற்பவன் நான். அதனால் தேடிப் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி ரெஜினா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவள், சிரிப்பைக் கரண்டியால் அளந்து போடுகிறவள். அன்றைக்கு அளவில்லாமல் சிரித்தாள். “இவ்வளவு காலமும் வயர் சுத்தினியள். இனிப் பெம்பிளை பாக்கப் போறியளோ?”

முதலில் நான் தெரிந்தெடுத்த கதாநாயகியை நினைத்தால் இப்போதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போல இருக்கும். தகதகவென்று பட்டு, நெற்றியில் பெரிய பொட்டு, நிமிர்ந்த நடை. ராணி மாதிரி இருக்கிறாளே என்று இருத்திவிட்டேன். தீதி முதல் வரியைத் தொடங்கினார், ராணி கண்ணை மூடினாள். அவ்வளவுதான். கண்ணை மூடித் தலையை ஆட்டித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கச்சேரி முழுவதும் ரசித்தாள். சங்கீதம் தெரிந்த பெரிய மனுசிகள் அப்படித்தான் ரசிப்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. இடைவேளையில் தீதி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மூடிய கதவுக்கு முன்னால் நின்று எவ்வளவு நேரம்தான் தட்டுவது என்று கேட்டார்.

அடுத்த முறை கவனமாகப் பார்த்தேன். கார் தரிப்பிடத்தில் ஓர் இளம் சோடிக்குள் வாய்த்தர்க்கம். அவள் முகம் நன்றாக வாடி இருந்தது. அன்றைய நிரலில் பிரிவுப் பாட்டுகள்தான் கூட. எனக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். நைசாகப் பேசி இருவரையும் இரண்டாம் வரிசைக்குக் கொண்டுவந்தேன். மூன்றாவது பாட்டில் அவள் அவன் தோளில் சாய்ந்தாள். ஐந்தாவது பாட்டில் இருவரும் கை கோத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். தீதி மேடையில் ஆள் கடல்தாண்டிப் போன சோகத்தைப் பாடுகிறார், முன்னால் கல்யாண வீடு நடக்கிறது. “நான் அழுகிறவளைக் கேட்டேன், நீ சேர்ந்துவிட்டவளைத் தந்திருக்கிறாய்” என்று பிறகு தீதி என் காதைப் பிடித்துத் திருகினார். ஆனால் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளைப் பற்றி அடுத்த முறை வந்தபோதும் விசாரித்தார்.

போகப் போக எனக்குக் கை வந்துவிட்டது. ஒப்பனை அறைக் கதவில் தட்டி, தலையை மட்டும் நீட்டி அறிக்கை கொடுப்பேன். “சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தி, தீதி. ஐம்பது வயதிருக்கும், தனியாக வந்திருக்கிறாள், கையில் கார்ச் சாவி.” அவர் ஒரு நிமிடம் யோசிப்பார். சாவியை இறுக்கிப் பிடித்திருக்கிறாளா, விரலில் தொங்கவிட்டிருக்கிறாளா என்று கேட்பார். அதையும் நான் பார்த்து வந்திருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்றால் முதல் பாட்டை மாற்றிவிடுவார். எனக்கு வங்காளம் ஒரு சொல் தெரியாது. ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டின் கை மெல்ல மெல்லத் தளர்ந்து சாவி மடியில் விழுந்ததை, பக்கச் சுவரோரம் போட்டிருந்த என் மிக்சர் மேசையில் இருந்து பார்த்தேன். நான் செய்த வேலையை நானே மெச்சிக்கொண்ட நாள்களில் அது ஒன்று.

அவருடைய இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும், கதை அதில்தான் நிற்கிறது. மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு ஃபேடர் உண்டு. விரலால் மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும், அப்படி ஒரு சறுக்குக் கட்டை. சாதாரணமாகப் பாடகர் எட்டிப் பாடினால் குறைப்போம், முணுமுணுத்தால் கூட்டுவோம். எங்கள் வேலையே அதுதான். தீதியிடம் அது நடக்காது. அவர் இளமையில் பதிவு செய்தது ஒரே ஒரு மைக்கில், சுற்றிவர வாத்தியக்காரர்கள் இருக்க, ஒரே மூச்சாக. மெல்லிய சொல்லுக்கு மைக்கை உதட்டுக்குக் கொண்டுவருவார். உச்சிக்குப் போகும்போது கையை நீட்டி முகத்தைச் சற்றுத் திருப்புவார். கூட்டல் குறைத்தல் எல்லாம் அவர் கையில். என் குரலில் என் கையைத் தவிர வேறு கை படக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே தொடக்கத்தில் ஃபேடரை ஓர் இடத்தில் வைத்துவிட்டு நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது வாழ்க்கையில் அவர் கச்சேரிகளில் மட்டும்தான்.

மூச்சையும் தொடவிடமாட்டார். உச்சி வரிக்கு முன்னால் அவர் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார், நீளமாக, ஊஞ்சலைப் பின்னால் இழுப்பது போல. அது ஒலிபெருக்கியில் நன்றாகவே கேட்கும். அதைக் கேட்டதும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ஆற்றுப் பாட்டு என்று எல்லோரும் சொல்லும் அவருடைய மிகப் பெரிய பாட்டில் அந்த மூச்சுக்காகவே காத்திருப்பார்கள். கடைசியாக அதைப் பாடாமல் அவரை எந்த மண்டபமும் வெளியே விட்டதில்லை.

அந்தப் பாட்டின் காட்சியை ஒருமுறை எனக்குச் சொன்னார். கதாநாயகி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆற்றில் போட்டுவிட்டுப் படகில் எழுந்து நிற்கிறாள். கையில் ஒன்றுமே இல்லை என்றாராம் இசையமைப்பாளர். வெறுங்கை என்றால் அழ வேண்டுமா என்று தீதி கேட்டார். இல்லை, இனி இறக்கி வைக்க ஒன்றும் இல்லாத சந்தோஷம் என்றாராம் அவர். அதனால்தான் உச்சி வரியில் தபேலாவையும் நிறுத்திவிட்டார். அந்த ஒரு வரி குரல் மட்டும் தனியாகப் போகும். அது முடியும் இடத்தில்தான் தாளம் வந்து பிடித்துக்கொள்ளும்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஹரோவில் ஒரு மண்டபம், பிற்பகல் கச்சேரி. தீதிக்கு எழுபது எப்போதோ கழிந்துவிட்டது, இதுவே லண்டனில் கடைசி என்று விளம்பரமே போட்டிருந்தார்கள். எனக்கும் அதுதான் கொம்பனியில் கடைசி மேடை. அதனால் ரெஜினா கூட வந்தாள். இத்தனை வருடத்தில் நான் வேலை செய்வதை அவள் பார்த்ததே இல்லை. காலைப் பூசை முடிந்த கையோடு, போத்தலில் தேநீரும் டப்பாவில் கட்லட்டும் கட்டிக்கொண்டு வந்து மிக்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

தீதி இன்னும் ஒப்பனை அறையில் இருந்தார். சௌமிக் என்னிடம் வந்து ஒரு பென் டிரைவை நீட்டினான். நல்ல பிள்ளை, தாயின் நிழலாகவே திரிகிறவன். அதில் ஆற்றுப் பாட்டின் பழைய பதிவு இருந்தது. அவன் சொன்னதைக் கேட்டதும் நான் கட்லட் டப்பாவை மூடிவிட்டேன். கடைசிப் பாட்டு வரும்போது அம்மாவின் மைக்கை மண்டபத்துக்கு மூடிவிட்டு இதை ஓடவிட வேண்டுமாம். அவருக்கு முன்னால் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியில் மட்டும் அவர் குரலைக் கொடுக்க வேண்டுமாம். அவர் தான் பாடுவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். கூட்டம் பழைய குரலைக் கேட்கும். கொமிற்றியும் சம்மதித்துவிட்டது.

ஏன் என்று கேட்டேன். போன மாதம் வேறொரு நகரத்தில் உச்சி வரியில் அம்மாவின் குரல் உடைந்துவிட்டது என்றான். யாரோ அதைத் தொலைபேசியில் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். கீழே கருத்துகளில் வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். அவர் அதைத் தனியாக உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவன் கண்டிருக்கிறான்.  அவனைப் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாய் அவமானப்படக் கூடாது என்பதைத் தவிர அவன் கேட்டது வேறொன்றும் இல்லை.

அவன் போனதும் நான் பென் டிரைவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். செய்வது லேசு. ஒரு கட்டையை இழுத்து மற்றதைத் தள்ளினால் முடிந்தது. ஒருவருக்கும் தெரியவராது. கொமிற்றியும் மகனும் சொன்னதைச் செய்தேன் என்று வீட்டுக்குப் போகலாம். ஆனால் முழு வாழ்க்கையும் மற்றவளின் வாய்க்குக் குரல் கொடுத்தவரை, கடைசி நாளில் அவருக்கே தெரியாமல் வெறும் வாயாக்குவது என்றால் என் கை போகவில்லை. ரெஜினாவிடம் சொன்னேன். அவள் தேநீரை மூடிக்குள் ஊற்றியபடியே கேட்டாள்.

“அவவின்ரை தொண்டையப்பா. அவவைக் கேக்காமல் முடிவெடுக்க நீங்களெல்லாம் ஆர்?”

ஒலிச் சோதனைக்குத் தீதி மேடைக்கு வந்ததும் போய்ச் சொன்னேன். சௌமிக்குக்கு முன்னால்தான் சொன்னேன், ஒளிக்கவில்லை. வரதன் அண்ணையின் சட்டம் அன்றைக்கு உடைந்தது. கொமிற்றிக்காரர் ஒருவர் பின்னால் நின்று கையைப் பிசைந்தார். தீதி கோபிக்கவில்லை. மகனை ஒருமுறை பார்த்தார். பிறகு, அதைப் போடு, கேட்போம் என்றார். மேடையில் நின்று அல்ல. படியால் மெதுவாக இறங்கி வந்து இரண்டாம் வரிசையில், நான் கதாநாயகிகளை இருத்துகிற அதே கதிரையில் உட்கார்ந்தார்.

வெறும் மண்டபத்தில் பாட்டை ஓடவிட்டேன். இருபத்துச் சொச்சம் வயதுப் பெண் ஒருத்தி மண்டபம் நிறையப் பாடினாள். உச்சி வரி வந்தபோது, மயிர்க்கால் எல்லாம் எழுந்து நின்றது எனக்கு. தீதி கண்ணை மூடவே இல்லை.  அந்த முதல் படத்துக்குப் பிறகு தன் குரலைக் கேட்கிறவர் கதிரையில் உட்கார்ந்து கேட்டதே இல்லை என்றார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் அறிவேன், குறும்பு வருகிறது என்று பொருள்.

“இந்தப் பெண் நன்றாகப் பாடுகிறாள் நாயக்” என்றார். “ஆனால் முழுவதையும் இவளுக்குக் கொடுக்க முடியாது. அந்த ஒரு வரி இவளுடையது. மற்றதெல்லாம் என்னுடையது.”

சௌமிக் தலையில் கை வைத்தான். நானும்தான். ஒரே பாட்டில் பாதி மேடை, ஒரு வரி பழைய பதிவு, பிறகு மறுபடி மேடை. ஒரு கண் இமைப்பு முந்தினாலோ பிந்தினாலோ சிரிக்கிற முகங்கள் மறுபடியும் வரும், இந்தமுறை இன்னும் கூட. பதிவின் சுருதி ஆர்மோனியத்தோடு ஒரு மயிரிழை விலகி நின்றது. அதைக் கணினியில் சரி செய்தேன். பதிவைத் தொடக்கத்தில் இருந்தே சத்தமில்லாமல் ஓடவிடுவது, தபேலாக்காரர் அதை மட்டும் காதில் கேட்டு வேகத்தைப் பிடித்துக்கொள்வது, உச்சி வரியில் நான் ஃபேடரைத் தள்ளுவது என்று திட்டம் போட்டோம். ஒத்திகையில் எல்லாம் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது.

கதவு திறந்ததும் வழக்கம்போல ஒப்பனை அறையில் தலையை நீட்டினேன். இன்றைக்கு யாரை இருத்த என்று கேட்டேன். அந்தக் கதிரை வெறுமையாகவே இருக்கட்டும் என்றார் தீதி. ஒருவரும் உட்காராமல் அதில் ஒரு தாளை ஒட்டிவிட்டு வந்தேன். 

கச்சேரி அருமையாகப் போனது. கீழ்ச் சுரங்களில் அவர் குரல் பழுதாகவே இல்லை, பழைய பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டு விளக்கியது மாதிரி இன்னும் கூடப் பளபளத்தது. கடைசியில் அவர் வங்காளத்தில் ஏதோ அறிவித்தார். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. என் பக்கத்தில் இருந்த தொண்டர் மொழிபெயர்த்துச் சொன்னார். கடைசிப் பாட்டை இருவர் பாடப் போகிறார்களாம். ஒருத்தி கிழவி, அவள் இங்கே நிற்கிறாள். மற்றவள் இளம்பெண். அவளுக்கு விசா கிடைக்கவில்லை, குரலை மட்டும் அனுப்பியிருக்கிறாள்.

ஆற்றுப் பாட்டுத் தொடங்கியது. பதிவு சத்தமில்லாமல் கணினியில் ஓடியது. திட்டப்படிதான் எல்லாம். ஆனால் கூட்டத்தின் சிரிப்பு தீதிக்குள் ஏறிவிட்டது. பக்கத்துத் தொண்டர் சொன்னபடி, வளையல் என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டார். அதைத் திருப்பினார், நீட்டினார், கூட்டம் ஆஹா என்றது, இன்னும் ஒருமுறை திருப்பினார். ஒரே பாட்டை ஒரே மாதிரி இரண்டு தரம் பாடாதவரிடம் பதிவோடு சேர்ந்து போகச் சொன்னது எங்கள் மடத்தனம். கணினித் திரையில் பதிவு ஓடும் இடத்தைக் காட்டும் கோடு அவரை விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருந்தது. தபேலாக்காரர் காதில் இருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னைப் பார்த்தார். மேடை ஓரத்தில் சௌமிக் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தான்.

பதிவை நிறுத்தினேன். கோட்டைப் பிடித்து உச்சி வரியின் வாசலில் கொண்டுபோய் வைத்தேன், முதல் எழுத்துக்குச் சரியாக முன்னால். இனி எப்போது தட்டுவது? தாளமும் இல்லை, கணக்கும் இல்லை, மொழியும் தெரியாது. ஒரு விரல் ஃபேடரில், ஒரு விரல் கணினியில். 

தபேலா நின்றது. மண்டபமும் அசையவில்லை.

அப்போது ஒலிபெருக்கியில் அந்த மூச்சு வந்தது. மூக்கால், நீளமாக, ஊஞ்சலைப் பின்னால் இழுப்பது போல. எழுபது தாண்டிய நெஞ்சின் மூச்சு, கொஞ்சம் நடுக்கத்தோடு. எத்தனை வருடம் கேட்ட மூச்சு அது, எங்கே முடியும் என்று எனக்கு என் மூச்சைவிட நன்றாகத் தெரியும். முடியும் இடத்தில் தட்டினேன், தள்ளினேன்.

மூச்சை இழுத்தவர் இங்கே நின்றார், பாடியவள் பழைய பதிவில் இருந்து பாடினாள். நடுவில் ஒரு தையலும் தெரியவில்லை. ஒரு கணம் மண்டபத்துக்கே விளங்கவில்லை, கிழவிதான் பாடுகிறார் என்றே நினைத்தார்கள். பிறகுதான் பார்த்தார்கள். தீதி மைக்கைத் தாங்கியில் சொருகிவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். வாயைப் பாட்டுக்கு அசைத்தார், ஒளிக்காமல், குறும்பாக, சினிமாக் கதாநாயகி மாதிரியே. இல்லாத வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேடைக்குக் கீழே போட்டார். ஒன்று அந்த வெறுங்கதிரையில் போய் விழுந்தது போலவே இருந்தது. இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். வாழ்க்கை முழுவதும் எத்தனையோ பேருக்குக் குரல் கொடுத்தவருக்கு, ஒருத்தி குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. வரி முடிந்தது. கட்டையை இழுத்தேன். தபேலா வந்து பிடித்தது. தீதி மைக்கை எடுத்து, தன் குரலில், கீழே இருந்து அடுத்த வரியைத் தொடங்கினார்.

ரெஜினா என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அவள் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. “உதுக்கோ இவ்வளவு காலமும் சனி ஞாயிறுகளிலை வீட்டை விட்டிட்டு ஓடினனீங்கள்?” என்றாள். ஓம் என்றேன். சரி, மன்னிச்சன் என்றாள்.

வயர் சுற்றி முடித்து ஒப்பனை அறைக்குப் போனோம். சௌமிக் தாயின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தான். தொலைபேசியில் மண்டபத்துப் பிள்ளைகள் அதற்குள் போட்டுவிட்ட காணொளியைக் காட்டிக்கொண்டிருந்தான். கீழே சிரிக்கிற முகங்கள்தான், ஆனால் இது வேறு சிரிப்பு. தீதி, “என் குரலில் கை வைத்துவிட்டாயே நாயக்” என்று என்னை முறைத்தார். பிறகு ரெஜினாவை இழுத்துப் பக்கத்தில் இருத்தி, டப்பாவில் மிஞ்சியிருந்த கட்லட்டை எடுத்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, வழக்கமாக நான் வந்து சொல்லும் அறிக்கையைக் கேட்டார்.

“சொல்லு நாயக், இன்றைக்குக் கதாநாயகியின் கையில் என்ன இருந்தது?”

“ஒன்றும் இல்லை, தீதி.”

அவர் மென்றதை விழுங்கிவிட்டு மகனின் தலையில் கை வைத்தார்.

“அப்படியானால் அந்தப் பெண் சரியாகத்தான் பாடியிருக்கிறாள்.”